கள்ளப்பூ

மீன் தொட்டி மோட்டாரை நிறுத்தினால்தான் இந்த வேலை நடக்கும், தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தால் சுண்ணாம்பு குறி தவறிப் போகும், அதனால் லிங்கதுரை சுவிட்சை அணைத்தார், அணைத்ததும் வீடு பொசுக்கென்று அமைதியாகிவிட்டது. அந்த அமைதி அவருக்கு ஆகாது. தொட்டி கொப்பளித்துக்கொண்டிருக்கும்வரை அடுக்களையில் மனைவி சண்முகக்கனி என்ன செய்கிறாள் என்று காது போகாது. இப்போது போகிறது. முருங்கைக்கீரை உருவுகிறாள் போல. இணுக்குக்கு இணுக்கு ஒரு சின்னச் சத்தம், முறத்தில் விழுகிற சத்தமா அவள் மூச்சா, தெரியவில்லை. வெளியே ஐப்பசி மழை விட்டும் விடாமலும். மழை பிடித்தால் உப்பளத்தில் வேலை கிடையாது, பாத்தியெல்லாம் முழுகிக் கிடக்கும், உப்புக் கம்பெனி சூப்பர்வைசர் வீட்டில் குத்தவைத்திருக்க அதைவிட நல்ல காரணம் வேண்டாம். ஆனால் இன்றைக்குச் சனிக்கிழமை. சனிக்கிழமை தவறாமல் திருநெல்வேலியிலிருந்து இங்கத்து ஆஸ்பத்திரிக்கு அந்த டாக்டரம்மா வருவார், மதியச் சாப்பாட்டு வேளை வரை பார்ப்பார், காரில் ஏறிப் போய்விட்டால் அப்புறம் அடுத்த சனிதான். அதுவரை தொட்டி முன்னால் இப்படியே பொழுதைத் தள்ளிவிட்டால் இன்னும் ஒரு வாரம் தப்பித்தோம். தப்பித்தது யார்? லிங்கதுரை ஊசிக்குழலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். முனையைக் கழற்றிய குழல், அதற்குள் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தயிர்ப் பதத்துக்குக் கரைத்து இழுத்து வைத்திருந்தார். கனியின் வலது மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. அதில் ஊசி விட்டுத் துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி ஆடி போயிற்று, ஆவணி போயிற்று, புரட்டாசியும் போயிற்று. வேண்டாம் என்று நிறுத்தி வைத்தவர் இவர்தான்.

குழலுக்குள் காற்றுக் குமிழ் ஒன்று இருந்தது. தட்டினார். போகவில்லை. தொட்டிக்குள் மண்டிக் கிடக்கிற இதற்குக் கள்ளப்பூ என்று பேர் வைத்ததுகூடக் கனிதான். முதலில் அது வெறும் பூவாகத்தான் வந்தது. மகள் சுபாஷினி கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போகும்போது, ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காதீங்க என்று சொல்லி வாங்கி வைத்துவிட்டுப் போன தொட்டி இது. தூத்துக்குடியில் கடல் தண்ணீருக்கா பஞ்சம், கேனைத் தூக்கிக்கொண்டு போனால் ஆயிற்று. கடல் தண்ணியில் உப்பு மூணு டிகிரி, அது வெயிலில் ஏறி ஏறிப் பாத்தியில் இருபத்தஞ்சைத் தொட்டால் உப்பு விளையும், அதையெல்லாம் நாக்கில் வைத்தே சொல்லிவிடுகிற ஆள் அவர், ஒரு கண்ணாடித் தொட்டியைப் பார்த்துக்கொள்ளவா தெரியாது. அந்தத் திமிர்தான். கடையில் கழுவிக் காயவைத்து விற்கிற கல்லை வேண்டாமென்று சொல்லிவிட்டு, அலைத்தடுப்புப் பாறை இடுக்கிலிருந்து பாசியும் சிப்பியும் ஒட்டின கல் ஒன்றைத் தானே எடுத்து வந்து உள்ளே வைத்தார். வேலியில் போற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை. கொஞ்ச நாளில் கல்லின் ஓட்டையிலிருந்து ஒன்று தலை நீட்டியது, கட்டைவிரல் நகம் அகலம், தேயிலைத் தண்ணி நிறம், அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி ஒரு மெல்லிசு, ஒல்லித் தண்டு, சுற்றிலும் முனை கூரான இழைகள். ஏட்டி, இங்ஙன வந்து பாரு என்று கூப்பிட்டார். அவள் வந்து மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அய்ய, பூவுல்லா என்றாள். அன்றைக்கு அவள் குரலில் இருந்த சந்தோஷம் இப்போதும் அவர் காதில் இருக்கிறது. கோமாளி மீன் ரெண்டு வாங்கி விட்டிருந்தார், அது கடல் சாமந்திக்குள் குடியிருக்கிற ஜாதி, ஆகையால் ஆண்டவனே வீடு கட்டிக் கொடுத்துவிட்டான் என்று நினைத்து, தினம் இறால் துணுக்கு நறுக்கி அந்தப் பூவுக்கு ஊட்டி வளர்த்தார். மீன் ரெண்டும் அந்தத் திசைக்கே போகவில்லை. மீனுக்குத் தெரிந்தது மனுஷனுக்குத் தெரியவில்லை. மீன் குடியிருக்கிற சாமந்தி உள்ளங்கை அகலம் இருக்கும், தண்டு தடியாக இருக்கும், இடம் பார்த்து ஒற்றையாக உட்காரும். இது குச்சியால் லேசாகத் தொட்டாலே சடக்கென்று ஓட்டைக்குள் பதுங்கிவிடும், பதுங்கிய இடத்தைச் சுற்றிக் குஞ்சும் குளுவானுமாக நாலு முளைக்கும், பக்கத்தில் இருக்கிறதையெல்லாம் கொட்டும். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. எதைத்தான் அவர் முன்னால் தெரிந்துகொண்டார்.

நகத்தால் கிள்ளி எறிய வேண்டியதைக் கோடாலி கொண்டு வெட்டும்படி விடக்கூடாது என்று பழமொழி சொல்லிக்கொண்டுதான் அன்றைக்கு அவர் காய் வெட்டுகிற கத்தியை எடுத்தார். ஒன்றாக இருந்தது ஏழெட்டாகி, குட்டி நண்டு ஒன்று கொட்டுப்பட்டு மல்லாந்து கிடந்ததைப் பார்த்த கோபம். கத்தியைத் தண்ணீருக்குள் விட்டுச் சுரண்டு சுரண்டென்று சுரண்டினார். பழுப்பு நிறத்தில் துணுக்குத் துணுக்காகக் கிளம்பி மோட்டார் ஓட்டத்தில் தொட்டி முழுக்கச் சுழன்றது. சுத்தமாயிட்டு என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் படுத்தார், பெரிய வீரர். அடுத்த அமாவாசைக்குள் கல்லெல்லாம் அதுதான், கண்ணாடி மூலையில் அது, மோட்டார் வாயில் அது, மணலுக்குள்ளிருந்துகூட அது. அப்புறம்தான் போனில் அந்த வீடியோவைப் பார்த்தார், யாரோ ஒரு தாடிக்காரன், தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு சொல்கிறான்: என்ன வேணும்னாலும் செய்யுங்க, கத்தி மட்டும் வைக்காதீங்க, காலடிச் சதை ஒரு துளி கல்லுல ஒட்டியிருந்தாலும் அது முழுசா இன்னொண்ணா வளர்ந்துரும். லிங்கதுரை அதைத் திருப்பித் திருப்பி ஓட்டிக் கேட்டார். கத்தி மட்டும் வைக்காதீங்க. கத்தி பட்டாப் பரவிரும். இது எங்கேயோ கேட்ட பேச்சு. அட, இது கூடப்பிறந்த பேச்சியக்கா சாவு வீட்டில் கேட்ட பேச்சு. அந்த வாரம்தான் கனி குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஏங்க, ஒண்ணு சொன்னா ஏசக்கூடாது என்று ஆரம்பித்தாள். பச்சைப் பட்டாணி அளவுக்கு, வலி இல்ல, அமுக்குனா நகரல. வலி இல்லன்னா ஒண்ணும் இருக்காது என்றார் அவர், கட்டி வைத்தியம் பத்துத் தலைமுறையாகப் பார்த்த மாதிரி. சொல்லிவிட்டு எழுந்து போய்த் தொட்டியைத்தான் பார்த்தார்.

முதல் பூ வாயைத் திறந்துகொண்டிருந்தது. குழலை மேலிருந்து மெள்ள இறக்க வேண்டும், உடம்பில் படக்கூடாது, பட்டால் பதுங்கிவிடும், அப்புறம் அரைமணி நேரம் வெளியே வராது. வாய்க்கு நேர் மேலே நிறுத்தி ஒரு சொட்டு. வெள்ளையாக இறங்கி நடுவில் உட்கார்ந்தது. இரை என்று நினைத்து இழைகளை உள்ளே மடக்கி விழுங்கும் அது, விழுங்கினால் சரி, உள்ளுக்குள் வெந்து வெளுத்துக் கரைந்துவிடும். சாகப்போகிறது என்று தெரியாமலே சாகிற சாவு. நல்ல சாவா அது? டாக்டரம்மாவும் ஊசி என்றுதான் சொன்னார். சின்ன ஊசிங்க, மரத்துப்போக மருந்து போட்டுட்டு ஒரு துளி சதை எடுப்போம், அதை வச்சுத்தான் அது நல்லதா கெட்டதான்னு சொல்ல முடியும் என்றார். லிங்கதுரை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, அத எடுத்தா மத்த இடத்துக்குப் பரவாதா டாக்டர் என்று கேட்டார். டாக்டரம்மா இந்தக் கேள்வியைத் தினம் கேட்கிறவர் போலச் சலிக்காமல் சொன்னார்: பரவாது, அது பழைய பயம், தாமதிச்சாத்தான் பரவும். தாமதிச்சாத்தான் என்ற சொல்லை அவர் அங்கேயே விட்டுவிட்டு வந்தார். பழைய பயம் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து, வரும் வழியெல்லாம் ஸ்கூட்டரில் அதோடு சண்டை போட்டார். பழைய பயமாம். இவங்க அக்காவுக்கு வந்திருந்தாத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் கனியைக் கையைப் பிடித்து இழுத்து இதோ இந்தத் தொட்டி முன்னால் நிறுத்தினார். நல்லாப் பாரு, கத்தி வைக்கதுக்கு முன்னால எத்தன இருந்துச்சு, இப்ப எத்தன இருக்கு, உயிருள்ள சதைக்கு இதாம்ட்டி கணக்கு, கடல்லயும் அதான், உடம்புலயும் அதான். அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போ எம்மேலயும் பாசி பிடிச்சிருக்குங்கிய என்றாள், சிரித்தாள். சிரித்துவிட்டு, நீங்க சொன்னாச் சரிதான் என்றாள். எங்கேயாவது ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கலாம் அவள். முப்பது வருஷத்தில் புளிக்குழம்பில் உப்புக் கூடக் குறைய என்பதற்கெல்லாம் எதிர்த்துப் பேசியவள், இதற்கு மட்டும் பேசவில்லை.

அப்புறம் காரணங்களா இல்லை. ஆடி மாசம், ஆடியில் எந்த நல்ல காரியமும் தொடங்கக்கூடாது என்றார், இது நல்ல காரியமா என்று அவள் கேட்கவில்லை. ஆவணியில் சுபாஷினிக்கு வளைகாப்பு, மாசமா இருக்கிற பிள்ளைகிட்ட இதைச் சொல்லி வயித்தைக் கலக்கணுமா என்றார். அவளும் கோயம்புத்தூர் போய்ப் பிள்ளைக்கு வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, ஒன்றும் நடக்காதவள் போல அஞ்சு வகைச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள். புரட்டாசியில் சனிக்கிழமை விரதம். அதுவும் சனிக்கிழமையாகப் போயிற்று பாருங்கள், டாக்டரம்மா வருகிற நாளும் விரத நாளும் ஒன்றாக. பெருமாளே ஒத்தாசை பண்ணின மாதிரி இருந்தது அவருக்கு. ஐப்பசிக்கு இதுவரை காரணம் ஒன்றும் வாய்க்கவில்லை. மழை இருக்கிறது. மழையில் என்ன இருக்கிறது, வாசலுக்கு ஆட்டோ வரும். ரெண்டாவது பூவுக்குக் குழலை நகர்த்தினார். முனை இழையில் பட்டுவிட்டது, அது சடக்கென்று உள்ளே போய்விட்டது. ச்சை என்றார். பதுங்கிவிட்டது என்றால் இல்லை என்று ஆகிவிடுமா. ஓட்டைக்குள் கால் அப்படியேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். நாம் பார்க்காத நேரமாகப் பார்த்து வெளியே வரும். கட்டி இப்போது எவ்வளவு பெரிசு என்று அவருக்குத் தெரியாது. பட்டாணி என்று சொன்னதோடு சரி, அப்புறம் அவர் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. ராத்திரி அவள் பக்கம் திரும்பிப் படுப்பதையே விட்டுவிட்டார். கை தெரியாமல் பட்டுவிட்டால் என்ன செய்வது. பட்டால் அளவு தெரிந்துவிடும். பொண்டாட்டி பக்கத்தில் படுத்துக்கொண்டு கையை மடக்கி வைத்துக்கொண்டு தூங்குகிற புருஷன். த்தூ.

பேச்சியக்கா வந்துவிட்டாள். வருவாள் என்று தெரியும், எந்தப் பக்கமாகச் சுற்றி நினைத்தாலும் கடைசியில் அவளிடம்தான் கொண்டுபோய் நிறுத்துகிறது. கத்தி வச்சாங்க, நாலே மாசம், போய்ச் சேந்துட்டா. இதை அவர்கள் குடும்பத்தில் பாடம் மாதிரி சொல்வார்கள், சாவு வீட்டில் சொன்னார்கள், பதினாறாம் நாள் சொன்னார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரனிடம்கூடச் சொன்னார்கள். நல்லா நடமாடிக்கிட்டிருந்த பொம்பள, கத்தி பட்டுச்சு, பரவிட்டு. லிங்கதுரையும் சொல்லியிருக்கிறார். நூறு தடவை சொல்லியிருப்பார். சொல்லும்போதெல்லாம் நாலே மாசம் என்ற இடத்தில் ஒரு விரலை மடக்குவார். அந்த நாலு மாசத்துக்கு முன்னால் என்ன இருந்தது என்று யாரும் கேட்டதில்லை. முன்னால் பேச்சியக்கா இருந்தாள். ஜாக்கெட்டுக்குள் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு இருந்தாள். ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனபோது கொடியில் காய்ந்துகொண்டிருந்த கைக்குட்டைகளைப் பார்த்து, என்னக்கா, மச்சானுக்குச் சளியா என்று கேட்டார். அவள் ஆமாண்டா என்றாள். கறை மஞ்சளாக இருந்தது. எத்தனை நாளாக என்று அவள் கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து அவரிடம் மட்டும் சொன்னாள், ரெண்டு வருசம்டா தம்பி, யார்கிட்டப் போயி அவுத்துக் காட்ட. ரெண்டு வருஷம். இந்த இடத்துக்கு வந்ததும் அவர் மனசு முட்டிக்கொண்டு நிற்கும், முள்ளில் மாட்டின வேட்டி மாதிரி, முன்னாலும் போகாது பின்னாலும் வராது. நாலு மாசத்துக்கு விரல் மடக்குகிறவர்கள் ரெண்டு வருஷத்துக்கு ஏன் மடக்கவில்லை. மடக்கினால் கத்தியைக் குறை சொல்ல முடியாதே. மச்சானைச் சொல்ல வேண்டிவரும், அம்மாவைச் சொல்ல வேண்டிவரும், கொடியில் கறையைப் பார்த்துவிட்டு காப்பி குடித்துவிட்டு வந்த தம்பியைச் சொல்ல வேண்டிவரும். போதும். அவர் மூன்றாவது பூவைத் தேடினார்.

சின்னது ஒன்று, மிளகு அளவு, கல்லின் பக்கவாட்டில். இப்படிச் சின்னதாகக் கண்ணில் பட்டால் விடவே கூடாது, ஒரு சொட்டு போதும், பாவம் பார்த்து வளரவிட்டால் அப்புறம் ஊசி நிறையச் சுண்ணாம்பு ஊற்றினாலும் ஆகாது, ஊற்றவும் முடியாது, ஒரே நாளில் நிறைய விட்டால் தண்ணீர் கெட்டு மீன் செத்துவிடும். இதை அவர் போன வாரம் போனில் சுபாஷினியிடம் விளக்கிக்கொண்டிருந்தார், அவள் பேச்சை எப்படியாவது அம்மா பக்கம் திருப்பப் பார்த்தாள், இவர் தொட்டியை விட்டு இறங்கவில்லை. சின்னதுலயே பாத்துரணும்மா, அதாம் இதுல சூட்சுமம் என்றார். சொன்னபோது கனி பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிக்கிற சத்தம் நின்றது. அவர் திரும்பவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி மடித்தாள். அவர் வாயால் அவரே சொன்னது. மீனுக்கு வைத்தியம் தெரியும், நண்டுக்கு வைத்தியம் தெரியும், கல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிற வெறும் சதைப் பூவுக்கு எது ஆகும் எது ஆகாது என்று தெரியும். லிங்கதுரை மிளகுப் பூவின் மேல் ஒரு சொட்டு விட்டார். அவருக்குக் கண் கரித்தது. சுண்ணாம்புக் கையால் தொட்டுவிடக்கூடாது என்று தோள்பட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கனி செத்துப்போனால் நான் என்ன செய்வேன். அவ்வளவுதான் விஷயம். ஆடியும் இல்லை, வளைகாப்பும் இல்லை, பெருமாளும் இல்லை. அந்த டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து ஒன்றைச் சொல்லுவார், அதைக் கேட்கிற தெம்பு தனக்கு இல்லை. கேட்காதவரைக்கும் அவள் கீரை உருவுவாள், கதவைச் சாத்துவாள், ஏங்க என்பாள். கேட்காதவரைக்கும் இருப்பாள்.

"ஏங்க" என்றாள் கனி. காப்பியோடு வந்து நின்றிருந்தாள். டம்ளரை ஸ்டூலில் வைத்தாள். இடது கையால் வைத்தாள், அது அப்போது அவர் மனசில் பதியவில்லை. நரை விழுந்த முன்மயிரை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, "செத்துச்சா?" என்று கேட்டாள்.

"ரெண்டு செத்துரும். ஒண்ணு உள்ள போயிட்டு. பின் மூலையில இருட்டா இருக்கு, அங்ஙன ஒரு பெரிய கூட்டமே இருக்கும் போல. அந்த டார்ச்ச எடுத்துப் புடிக்கியா?"

அவள் டார்ச்சை எடுத்து வந்து பிடித்தாள். தொட்டி அவள் தோள் உயரத்துக்கு மேல். வெளிச்சம் கல்லில் விழாமல் கீழே மணலில் விழுந்தது.

"மேல தூக்கிப் புடிட்டி. வலது கையில மாத்திக்கோயேன், அந்தப் பக்கமிருந்து அடிச்சாத்தான் மூலை தெரியும்."

"இந்தக் கையிலேயே புடிக்கேன்."

"தெரியலங்கேன்ல. மாத்து."

அவள் மாற்றினாள். வலது கையை மெல்லத் தூக்கினாள், மார்பு உயரத்துக்கு வந்தது, அங்கே நின்றுவிட்டது. முகம் சுளிக்காமல் இருக்கப் பார்த்தாள், உதடு உள்ளே மடிந்துகொண்டது. டார்ச் வெளிச்சம் கண்ணாடியில் ஆடியது.

"என்ன, கை புடிச்சிருக்கா? கீரை உருவி உருவியா?" என்று கேட்டார். கேட்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இல்லங்க" என்றாள். "அக்குள்ல ஒண்ணு வந்திருக்கு. அது தூக்க விடமாட்டேங்கு."

குழலிலிருந்த சுண்ணாம்பு அத்தனையும் அவரை அறியாமல் தண்ணீருக்குள் போய்விட்டது. பார்த்துக்கொண்டே இருந்தார். கல் மறைந்தது, பூ மறைந்தது, மீன் ரெண்டும் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அக்குள்ல ஒண்ணு. எப்படி வந்தது? யார் கத்தி வைத்தார்கள்? யார் சுரண்டினார்கள், ஒருத்தரும் தொடவில்லையே, நான் தொட விடவில்லையே, ஊசி முனைகூடப் படாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தேனே, வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தேனே, என் கையையே மடக்கி வைத்துக்கொண்டு படுத்தேனே. பரவிட்டு. கத்தி இல்லாமலே பரவிட்டு. அப்போது பேச்சியக்காவுக்கும். பேச்சியக்காவுக்கும் கத்தி வருவதற்கு முன்னால் எல்லாம் முடிந்துதான் இருந்தது, அந்தக் கைக்குட்டைகளிலேயே முடிந்திருந்தது, கத்தி வைத்தவன் பாவம் தாமதமாக வந்தவன். இதைக் கண்டுபிடிக்க லிங்கதுரைக்குக் கனியின் வலது கை தேவைப்பட்டிருக்கிறது. தொட்டியும் உடம்பும் ஒன்று என்று எந்த மடையன் சொன்னான். கல்லில் முளைக்கிற பூவுக்கு இருக்கிற நியாயம் பெத்த பொம்பளை உடம்புக்கு இருக்கும் என்று, டாக்டருக்குப் படித்தவளைவிடத் தனக்குத் தெரியும் என்று, கையைப் பிடித்து இழுத்து நிறுத்திக் காட்டினானே அந்த மடையன், அவனைக் கொண்டுபோய் எங்கே தள்ளுவது. ஸ்டூலில் இடித்துப் பின்வாங்கினார், காப்பி டம்ளர் சாய்ந்து தரையில் ஓடியது, ரெண்டு பேருமே அதைப் பார்த்தார்கள், ரெண்டு பேரும் துணி எடுக்கப் போகவில்லை.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டார்.

"வளைகாப்புக்குப் போனோம்லா, அப்பவே லேசா இருந்துச்சு."

"ரெண்டு மாசமாவா? ஏன்ட்டி சொல்லல?"

அவள் டார்ச்சை அணைத்து முந்தானையில் துடைத்தாள், அதில் துடைக்க ஒன்றும் இல்லை. "சொன்னா நீங்க பயந்துருவியன்னுதான்" என்றாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆடி மாசம் என்றபோதும், விரதம் என்றபோதும், இந்தக் கண்ணாடி முன்னால் நின்று அவர் கடலுக்கும் உடம்புக்கும் கணக்குச் சொன்னபோதும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது, இந்த மனுஷன் பயப்படுகிறார், பாவம், பயப்படட்டும் என்று. கட்டியை ஒரு கையிலும் இவர் பயத்தை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு அவள்தான் மூன்று மாதமாகச் சோறு பொங்கியிருக்கிறாள். அவருக்கு அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. அதற்கும் இப்போது நேரமில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், டாக்டரம்மா கிளம்பியிருக்க மாட்டார்.

"சேலைய மாத்து" என்றார். "போவோம்."

"இப்பமா? உலை வச்சிருக்கேன்."

"அத அமத்து. அவுக போறதுக்குள்ள போயிரணும்."

அவள் உள்ளே போனாள். அடுப்பு அணைகிற சத்தம், பீரோ கதவு, வளையல். லிங்கதுரை சுண்ணாம்புக் கையைக் கழுவினார், கழுவக் கழுவ வழுக்கியது. சட்டையைப் போட்டால் பொத்தான் ஓட்டை மாறிப் போட்டிருந்தது, அவிழ்த்து மறுபடி போட்டார். ஆட்டோக்காரனுக்குப் போன் செய்து வாசலுக்கே வரச் சொன்னார். கனி நீலச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள், வளைகாப்புக்கு எடுத்தது, தலையைச் சீவியிருந்தாள், ஒரு கையாலேயே சீவியதில் வகிடு கோணியிருந்தது. வாசல்படி வரைக்கும் வந்து நின்றாள்.

"ஏன் இத்தன நாளு வரலன்னு டாக்டரம்மா கேப்பாவளே" என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். என்னாலதான்னு சொல்லு, இந்தப் படுபாவியாலதான்னு சொல்லு. அதைச் சொல்லாமல் ஆணியில் சாவியைத் தேடினார்.

கனி கொஞ்சம் காத்திருந்து பார்த்தாள். அப்புறம் செருப்பைத் தேடிக் காலை நுழைத்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குத்தான் பயமா இருந்துச்சுன்னு சொல்லிக்கிடுதேன்."

மழை வலுத்திருந்தது. ஆட்டோ தெருமுனையில் திரும்பியது.

"குடைய எடுத்துக்கோ" என்றார் லிங்கதுரை.